மூன்று முறை கூப்பிட்டேன்

எனக்கு முன்கோபம் உண்டு. வேலையிடத்தில் வாய் சும்மா இருக்காது. போல்ட்டை முறுக்காமல் விட்டவர், எண்ணெய்த் துணியைக் கண்ட இடத்தில் போட்டவர் என்று எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். என் கத்தலுக்கு முகம் கோணாத ஒரே ஆள் எங்கள் ஃபிட்டர். நான் திட்டி முடித்ததும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். என்ன பொறுமை இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொள்வேன். அவருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிய எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆலையில் கொதிகலன் பகுதிக்குப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். அல்லது இருந்தேன். இன்றைய தேதிக்கு எதைச் சொல்வது சரி என்று எனக்கே தெரியவில்லை.

கப்பலில் வரும் நிலக்கரி கட்டியும் தூளுமாக இருக்கும். அதை மாவாக அரைத்துச் சூடான காற்றோடு ஊதினால்தான் எங்கள் கொதிகலனுக்குள் ஒழுங்காக எரியும். அரைப்பதற்கு நான்கு மில்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் ஏறி நிற்கும் அளவுக்கு ஓர் இரும்புக் கிண்ணம் சுழலும். அதன்மேல் மூன்று உருளைகள். கரியோடு வரும் கல், உருளையையும் கிண்ணத்தின் உட்தகட்டையும் தின்றுகொண்டே இருக்கும். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டி, இரண்டுக்கும் நடுவே சரியான இடைவெளி வைப்பதுதான் எங்கள் குழுவின் பிழைப்பு. இடைவெளி குறைந்தால் இரும்பும் இரும்பும் உரசும். கூடினால் கரி அரைபடாமல் மணல்மணலாகப் போகும். அந்த ஃபிட்டர் வைத்த இடைவெளியில் ஒருநாளும் நான் குறை கண்டதில்லை.

ஒரு மில்லை நிறுத்தி வேலை செய்யும்போதும் மற்ற மூன்றும் பக்கத்திலேயே ஓடும். காதில் வைக்க அடைப்பான் கொடுப்போம். வியர்வையில் அது நிற்காது, கழுத்தில்தான் தொங்கும். அந்தச் சத்தத்துக்குள் அவர் பதினெட்டு வருடம் நின்றிருக்கிறார், ஒப்பந்தத் தொழிலாளியாக.

கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இடைவெளி அளக்கப் பத்து எம்.எம். தகடு கேட்டால் பன்னிரண்டு வந்தது. நில் என்றால் நடந்தார். ஒருநாள் எரிச்சலில் கவசத்தை இறக்கிவிட்டுக் கத்தினேன். உடனே சரியான தகட்டை எடுத்து நீட்டினார். எனக்குள் என்னவோ உறுத்தியது. கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டு, “அண்ணே, நான் சொல்றது கேக்குதா?” என்றேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமும் எங்கள் உதடுகளைப் பார்த்தே வேலை செய்திருக்கிறார்.

அன்று மதியம் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய், கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

“காது போச்சுன்னு தெரிஞ்சா கேட் பாஸ் போயிரும் மேடம். ரெண்டு பொம்பளப் பிள்ளைய படிக்குதுவ. எனக்கு இந்த வேலய விட்டா வேற என்ன தெரியும்?”

வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் செவிப் பரிசோதனை உண்டு. காதில் கருவியை மாட்டி வரிசையாக உட்காரவைத்து, ஓசை கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்வார்கள். அதுவரை பக்கத்து ஆளின் விரலைப் பார்த்துத் தப்பித்திருக்கிறார். இனி ஒவ்வொருவராகத் தனி அறையில் வைத்துச் செய்வது என்று முடிவாகியிருந்தது. பரிசோதனையை நேரில் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

போட்டேன். சோதனை செய்பவர் குனிந்து கருவியைத் திருகுவார். ஓசை போகும்போது ஒரு சின்ன விளக்கு எரியும். நான் அவருக்குப் பின்னால் ஃபைலோடு நின்றுகொண்டு, விளக்கு எரியும்போதெல்லாம் பேனாவைக் கொஞ்சம் உயர்த்துவேன். ஃபிட்டர் விரலைத் தூக்குவார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. இரண்டு தாளிலும் அவர் செவி நன்றாக இருக்கிறது என்று எழுதி, கீழே என் கையெழுத்து.

ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. உண்மையைச் சொன்னால், அந்தத் தர்மத்தில் பாதி எனக்காகத்தான். அவர் இல்லாவிட்டால் என் மில்கள் ஒழுங்காக ஓடாது. மில்கள் ஓடாவிட்டால் மேலிடத்தில் என் பெயர் கெடும்.

போன வருடம், கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு நாள், இரண்டாவது மில்லில் உருளை மாற்றினோம். உள்ளே போகிறவர்கள் கதவுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் தங்கள் பெயர் பொறித்த வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தது. எல்லோரும் வில்லையை எடுத்தார்கள், அவரும் எடுத்தார். அதற்குள் மூன்றாவது மில் நின்றுபோய், நீராவி அழுத்தம் இறங்கத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனுக்கு மேல் போன்.

பலகை காலியாக இருந்தது. கதவை மூடும் முன் செய்ய வேண்டிய இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. பொறுப்பில் இருப்பவர் கதவுக்கு முன் நின்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். நான் நின்றேன். “உள்ள யாரும் உண்டா?” என்று மூன்று முறை, என் தொண்டைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். பதில் இல்லை. மூடச் சொன்னேன். போல்ட்டுகளை முறுக்கினார்கள். வேலை முடிந்தது, மில்லை ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஓட்டுவதற்கு முன் பதினைந்து நிமிடம் சூடான காற்றை விட்டு மில்லைக் காயவைப்பார்கள். அந்த நேரத்தில் டீ வந்தது. டீ கொண்டுவருகிறவர் எங்கள் குழுவுக்கு எட்டு கிளாஸ் ஊற்றுவது வழக்கம். ஒரு கிளாஸ் தட்டிலேயே நின்றது.

“இது யாருக்கு?” என்றார்.

ஆட்களை எண்ணினேன், ஃபிட்டரைக் காணவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, காற்றை நிறுத்தினார்கள். எங்கள் ஆட்கள் போல்ட்டுகளைக் கழற்றி முடிக்கும் வரை நான் என் கையால் கதவை அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவர் கிண்ணத்தின் நடுவில், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தார். அளவுத் தகடு ஒன்றை உள்ளே மறந்து வைத்துவிட்டதாக ஞாபகம் வந்து, இரண்டு நிமிட வேலைதானே என்று வில்லையை மாட்டாமல் திரும்பப் போயிருக்கிறார். உருளைக்குப் பின்னால் குனிந்து தேடும்போது கதவு மூடியது அவருக்குத் தெரியவில்லை. இருட்டானபோதுதான் தெரிந்திருக்கிறது. கத்தியிருக்கிறார், தகட்டால் சுவரைத் தட்டியிருக்கிறார். பக்கத்து மில் போட்ட சத்தத்தில் வெளியே யாருக்கும் அது கேட்கவில்லை. இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தன. உயிர் இருந்தது.

விசாரணை வைத்தார்கள். மேடம் மூன்று முறை கூப்பிட்டார்களா என்று கேட்டதற்கு எல்லோரும் ஆமாம் என்றார்கள். பிறகு அவரைக் கேட்டார்கள்: “அவ்வளவு சத்தமா கூப்பிட்டும் நீங்க ஏன் பதில் சொல்லல?”

அவர் கேட்டவரின் உதட்டைப் பார்த்தார். பிறகு ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

“அசந்து தூங்கிட்டேன் சார்.”

அந்த அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த மாதம் என் பதவி உயர்வு முடிவாக இருந்தது. வாயைத் திறந்தால் ஊருக்கே கேட்கும்படி பேசுகிற நான், அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலையில் தூங்கியவர் என்று எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். துறைமுகச் சாலையில் வேறு எந்த ஆலையும் அவரைச் சேர்க்கவில்லை. எங்கள் பட்டறையில் அவரைத் தூங்குமூஞ்சி என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் கேட்டுக்கொண்டு போனேன். அப்புறம்தான் எங்கள் ஆலை மருத்துவர் வேறு ஏதோ பேச்சில் சொன்னார், வேலையிடத்துச் சத்தத்தால் காது போனால் அதற்குச் சட்டப்படி நஷ்டஈடு உண்டு என்று. ஃபிட்டருக்கும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் காதில் குறையே இல்லை என்று சொல்ல இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டும் என் கையெழுத்தோடு.

அதற்குப் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. நடந்ததை எல்லாம், பேனாவை உயர்த்தியது உட்பட, ஒரு கடிதமாக எழுதி நிர்வாகத்தில் கொடுத்தேன். மறுநாளே என்னைத் தற்காலிகமாக நீக்கினார்கள். கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி அவர் ஊருக்குப் போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைக்கட்டுகளை அவிழ்த்திருந்தார்கள், புதுத்தோல் வெளிறித் தெரிந்தது. கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “உங்க வேலய ஏன் மேடம் கெடுத்துக்கிட்டிய?” என்றார். இனி செவியை மறுபடி சோதிப்பார்கள், நஷ்டஈட்டுக்கு நானே சாட்சி சொல்வேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேன் என்று மனசு கொஞ்சம் லேசானதும் உண்மை.

அவர் மனைவி அவருக்குப் பின்னால், நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர்தான் கேட்டார்.

“மூணு தடவ கூப்பிட்டியளாமே மேடம்?”

“ஆமாம்.”

“அவியளுக்குக் காது கேக்காதுன்னு அங்கன யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான்.”

“பொறவு எதுக்குக் கூப்பிட்டிய? தலய நீட்டி ஒரு தடவ பாத்திருக்கலாம்லா?”

கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார். விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி அது, கடிதத்தில் நானும் எழுதாதது. ஃபிட்டருக்குக் கேட்காது என்று தெரிந்த நான், அவர் உள்ளே இருக்கும்போது வாயால் கூப்பிட்டுவிட்டு, என் கடமை முடிந்தது என்று கதவை மூடியிருக்கிறேன்.

அவருக்கு முதுகுப் பக்கம் நடந்த பேச்சு தெரியவில்லை. என் முகம் மாறியதை மட்டும் பார்த்துவிட்டார்.

“என்ன மேடம் சொல்லுதா அவ?”

நான் அவர் முன்னால் குனிந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, அவர் மனைவி கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.