தேய்ந்த தாமரைக்கு ஒரு மேஜை

"புளி போட்டுத் தேச்சீங்களாம்மா?"

சேஷாத்ரி சார் கேட்ட தொனியில், நான் ஏதோ சாமி விக்கிரகத்தையே உடைத்துவிட்டேனோ என்று தோன்றியது.

"ஆமாம் சார். புளி, கொஞ்சம் விபூதி. நாலு பேர் பார்க்கற இடத்துக்கு அழுக்கோடவா கொண்டு வர்றது?" பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "அய்யோ ராமா... பேடாம்மா, பேடா! தேய்க்கவே கூடாதும்மா! பழைய காசை யாராவது தேய்ப்பாங்களா? எழுத்து, பூ எல்லாம் போயிடுமே!"

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற ஹால் அது. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தரம் சொல்கிறவர் சேஷாத்ரி சார். நான் கொண்டு போயிருந்தது எங்கள் பூஜை அறைக் காசுகள். தாமரைப் பூ போட்ட பழைய இருபது பைசா... மஞ்சளாகப் பளபளக்குமே, உங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நாமத்துக்கு ஒரு காசாக அம்பாள் காலடியில் போட்டு நூற்றெட்டு முடிப்பேன். ஒவ்வொரு வரலட்சுமி நோன்புக்கும் முன்னால் புளி போட்டுத் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்துத் தாமரையில் பாதி இதழைக் காணோம். அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

அவர்கள் வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பார்கள். அதில் என் காசுகளும் இருக்க வேண்டும், நாலு பேர் அவற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் – இதுதான் என் ஆசை.

"சேதமான காசுக்கு மேஜை கிடையாதும்மா. அது ரூல்" என்றார் சார்.

எனக்கு அடுத்து நின்றவர் ஸ்டெல்லா. காக்ஸ் டவுனில் டீச்சர். அவருக்கும் அன்றுதான் முதல் தடவை. அவர் கொண்டு வந்தது ஒரே ஒரு வெள்ளிக் காசு. மேலே வளையம் பற்றவைத்திருந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோர் இடுப்பிலும் ஒருவர் மாற்றி ஒருவராக அரைஞாணில் தொங்கிய காசாம். அதிலிருந்த ராஜாவுக்கு மூக்கே இல்லை!

"இதுவும் சேதம். அடுத்தவங்க வாங்க."

ஸ்டெல்லா காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "வர்றேன்க்கா. இது நமக்கான இடம் இல்ல போல" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

எனக்குச் சுருக்கென்றது.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அங்கே காத்திருந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. யார் கையும் படாமல் பெட்டிக்குள் தூங்கிய காசுக்கு முதல் மார்க். சந்தைக்குப் போய் வந்த காசுக்கு நடு மார்க். குழந்தை இடுப்பிலும் சாமி காலடியிலும் கிடந்த காசு – ஃபெயில்! சரி, காசுக்கு மார்க் போடட்டும். அது அவர் வேலை, நியாயமாகத்தான் செய்கிறார். ஆனால் அதே மார்க்கை, காசைக் கொண்டு வந்த மனுஷர் நெற்றியிலும் ஒட்ட வேண்டுமா?

"இருங்க டீச்சர்" என்று ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். "சார், புதுசா வர்றவங்க வீட்ல வேற என்ன காசு இருக்கும்? எல்லாரையும் இப்படித் திருப்பி அனுப்பினா, கடைசில இந்த ஹால்ல நீங்களும் உங்க லென்ஸும்தான் இருப்பீங்க!"

ஹாலில் சிரிப்பு. சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆய்தும்மா, சரி. கை கழுவற தொட்டிகிட்ட ஒரு மேஜை போட்டுத் தர்றேன். ஆனா யாரும் திரும்பிப் பாக்கலன்னா, மறுபடி கேக்கக் கூடாது."

வீட்டில் சொன்னதும் என் கணவர், "தொட்டிகிட்டயா? குழாய் ரிப்பேர்காரன்தான் வருவான்" என்றார். நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டதோடு சரி.

போன ஞாயிறு கண்காட்சி. ஸ்டெல்லா அழகான கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி வந்திருந்தார், கன்னடம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும். 'தேய்த்தது நாங்கள். நீங்கள் தேய்க்காதீர்கள்!' ஒவ்வொரு காசுக்கும் முன்னால் ஒரு கேள்வி: 'இந்தக் காசுக்கு என்ன ஆச்சு?' சரியாகச் சொன்னால் கடலை மிட்டாய்.

காலை முழுக்க ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சேஷாத்ரி சார் மட்டும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா உதடு மட்டும் அசைய ஜெபம் செய்தார். நான் என் பங்குக்கு ஸ்லோகம் சொன்னேன்.

அப்புறம் மத்தியானம்... பிசிபேளே பாத் போட்டார்கள்.

சாப்பிட்டவர்கள் கை கழுவ எங்கே வருவார்கள்? எங்களிடம்தான்! ஈரக் கையோடு வரிசை நின்றது. வேடிக்கைக்காக நாங்கள் சேர்த்து வைத்திருந்த ஓட்டைக் காலணாவைக் காட்டி, "யாரோ டிரில் போட்டிருக்காங்க" என்றார் ஒருவர். "இல்லைங்க, அது பொறக்கும்போதே ஓட்டை!" என்றார் ஸ்டெல்லா. ஒரே சிரிப்பு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பையன் என் தாமரைக் காசைப் பார்த்ததும் போனை எடுத்தான். "அம்மா! பூஜை ரூம்ல இருக்கே அந்தக் காசு... மொதல்ல அந்தப் புளியைக் கீழ வை!"

ஒரு அம்மாள் என் காசுகளுக்கு முன்னால் நின்று நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சங்கத்தில் சேர விரும்புகிறவர்கள் பெயர் எழுத வைத்திருந்த தாள் தீர்ந்துபோனது. இன்னும் தாள் வாங்க ஓடியவர் யார் என்கிறீர்கள்? சேஷாத்ரி சாரேதான்!

சாயங்காலம் எங்கள் மேஜைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து என் தாமரைக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் எழுத்தும் இல்லை, தலையும் இல்லை.

"இதுக்கு என்ன சார் ஆச்சு?" என்றேன்.

"டூத் பேஸ்ட்" என்றார் மெதுவாக. "நான் முதமுதல்ல சேத்த காசும்மா. இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டினதில்ல."

ஸ்டெல்லா ஒரு கடலை மிட்டாயை நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டவர், "அடுத்த வருஷம் இந்த மேஜை இங்க வேண்டாம். நடு ஹால்ல போட்டுக்குங்க" என்றார்.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பூஜையும் வழக்கம்போல் நடக்கிறது. புளி மட்டும் ரசத்தோடு நின்றுவிட்டது – அம்பாள் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.