வன்னிக்கு எழுதிய வழிமுறை

இடி இடித்தால் மட்டக்களப்பில் முதலில் நடப்பது பிளக் கழற்றுவது. வாவிக்கு மேலே மழை மப்புப் போட்டால் போதும், டிவி, பிரிட்ஜ் எல்லாம் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். நான் கணினி வேலை பார்த்த நிவாரண அலுவலகத்திலும் இதே பழக்கம்தான். எங்கள் மெயில் எல்லாம் வந்து சேரும் பெரிய கணினியான சேர்வர் சுனாமிக்குப் பிறகு வந்தது. தண்ணீருக்குப் பயந்து, சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் மேசை போட்டு வைத்திருந்தோம். தண்ணீருக்குத் தப்பினாலும் அலுவலக ஆட்களுடைய கைக்குத் தப்பவில்லை. ஓடுகிற சேர்வரின் பிளக்கைப் பிடுங்குவது ஓடுகிற பஸ்ஸில் இருந்து குதிப்பது மாதிரி என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

வெயில் எரிக்கும் நாளில் வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டாலும் இடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி நினைப்பது மனதுக்கு லேசு. ஒருநாள் மத்தியானம் அப்படிச் சத்தம் கேட்டுப் பிளக்கைப் பிடுங்கியவர் கணக்குப் பிரிவு அக்கா. அவருடைய கணவர் போர் நடந்த வன்னியில், எங்கள் கிளை அலுவலகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். அங்கே போன் இல்லை. அவருடைய சுகம் தெரியவருவது இந்தச் சேர்வருக்கு வரும் ஈமெயிலில் மட்டும்தான். பிடுங்கிய பிறகுதான் அக்காவுக்கு அது உறைத்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் வேலையில் இறங்கினேன். முதலில் மின்சாரத்தையும் இணைப்புப் பெட்டியையும் சரிபார்த்துவிட்டு, கடைசியாகச் சேர்வரைப் போட்டேன். அது தன் டிஸ்க்கைத் தானே சோதித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அக்கா நகத்தைக் கடித்தபடி பக்கத்திலேயே நின்றார். பின்னேரம்தான் எழும்பியது. வெளியே காத்துக் கிடந்த மெயில்கள் வரிசையாக வந்தன. வன்னியில் இருந்தும் ஒன்று, அக்காவுக்கல்ல, எனக்கு.

அங்கே கணினிக்காரர் போய்விட்டாராம். அலுவலகத்தை மூடுகிறார்களாம். திரும்பி வந்தால் எழும்பக்கூடிய மாதிரிச் சேர்வரை எப்படி நிறுத்துவது என்று அக்காவின் கணவர் கேட்டிருந்தார். வீட்டுக்காரியிடம் நான் சுகம் என்று சொல்லவும் என்று கடைசியில் ஒரு வரி.

எல்லோரும் தங்கள் வேலையைச் சேமித்து மூடவேண்டும், பிறகு மெயிலை நிறுத்தவேண்டும், அதன் பிறகுதான் சேர்வருக்குக் கட்டளை கொடுக்கவேண்டும், விளக்கு அணையும்வரை பிளக்கில் கை வைக்கக்கூடாது என்று எழுதினேன். செய்து முடித்ததும் பதில் போடச் சொல்லுங்கள் என்றார் அக்கா. மெயிலை நிறுத்திய பிறகு பதில் எதில் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை. அதையும் அடித்து அனுப்பினேன்.

பதில் வரவில்லை. காலையில் வந்ததும் அக்கா என் மேசைக்குத்தான் வருவார். பதில் வராவிட்டால் அவர் சரியாக நிறுத்தியிருக்கிறார் என்றுதான் அர்த்தம், பயப்படாதீர்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"ஆளுக்கு என்னவும் நடந்திருந்தாலும் இப்பிடித்தானே தம்பி இருக்கும்?"

அன்றைக்குப் பட்ட வேதனை இன்றும் ஆறவில்லை.

யுத்தம் முடிந்தது. வன்னியில் இருந்து தப்பியவர்களை வைத்திருந்த முகாம்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் எங்கள் அலுவலகத்தையும் மூடச் சொன்னார்கள். சேர்வரை நான்தான் நிறுத்தினேன், ஒரு படியும் தவறாமல். விளக்கு அணைந்தது. பிளக்கைக் கழற்றக் குனிந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"இனி அவர் எழுதினா எங்க வந்து சேரும், தம்பி?"