சாப்பாட்டு அறை வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த பஞ்சு அண்ணா, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து சுருக்கெழுத்துச் சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக பம்பாய்க்கு வந்தவர். கோட்டைப் பக்கம் ஒரு சாயக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தலை நிமிராமல் டைப் அடித்தார். 1948-இல் கம்பெனி அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு லண்டனுக்கு அனுப்பியது. மேனேஜர் ஹார்டிங் துரைக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே இரண்டு வருஷ வேலை. அப்போது மனைவி ருக்குவும் பின்னால் போய்ச் சேரலாம். துரையும் துரைசானியும் அதே கப்பலில் வந்தார்கள். ஆக, பரீட்சை கப்பலிலேயே ஆரம்பம்.

சீட்டோடு ஒரு அச்சிட்ட தாளும் வந்தது. கப்பலில் முதல் இரவும் கடைசி இரவும் தவிர, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கறுப்பு டின்னர் கோட்டு அணிந்து வர வேண்டும். அணியாதவருக்குச் சாப்பாட்டு அறையில் இடமில்லை.

தாராவியில் தையல் கடை வைத்திருந்த வெயிலுமுத்து அளவெடுக்கும்போதே கேட்டார்.

"ஏன் சாமி, சோறு திங்கதுக்கா இந்தக் கோட்டு? உங்க ஆளுக பந்தியில சட்டையக் கழத்திட்டுல்லா உக்காருவாக?"

"அது நம்ம கல்யாணம், வெயிலுமுத்து. இது வெள்ளைக்காரன் கப்பல்."

"அப்பம் வயித்துப் பக்கம் ரெண்டு விரக்கடை கூட விடுதேன். தின்னுட்டு மூச்சு விடணும்லா?"

ஒத்திகையை ருக்கு நடத்தினாள். கீழ் வீட்டிலிருந்து மேஜை வந்தது. கத்தியும் முள்ளும் நான் கொடுத்தேன். ஒரு பார்சி சீமாட்டிக்குத் துணையாக நானும் அதே கப்பலில் போகவிருந்தேன். பத்து நாள், தினமும் சாயங்காலம், கோட்டும் கழுத்தில் போ டையுமாக வேர்த்து விறுவிறுத்து அண்ணா தோசையைக் கத்தியால் வெட்டினார். ருக்கு பட்லராக நின்று அதட்டினாள்.

"ஏன்னா, ரசத்தை உறிஞ்சாதேங்கோ! துரைசானி எழுந்து ஓடிடுவா."

"அவளுக்கு ரசம் எங்கேடி கிடைக்கப் போறது?"

ஒன்றே ஒன்றை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. மேஜை கிடந்தது சமையலறைக்குள். பத்து நாளும் அண்ணா வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அடுப்பு இருக்கும் இடத்துக்குப் பூட்ஸோடு வருவதை அந்த வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கப்பலில் இரண்டாம் இரவு, டின்னர் கோட்டு போட வேண்டிய முதல் இரவு. ஆனி மாதக் கடல் கப்பலைத் தாலாட்டியது. நானும் என் சீமாட்டியும் சற்றுத் தாமதமாகச் சாப்பாட்டு அறைக்கு வந்தோம். வாசல் ஓரமாக, சுவரை ஒட்டி, ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ், பஜனை மடத்து வாசலில் இருப்பதுபோல் அடக்கமாக இருந்தது. எனக்கு ருக்குவின் சமையலறை வாசல் ஞாபகம் வந்தது.

உள்ளே அண்ணா துரை தம்பதிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, சூப்பைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ருக்கு பார்த்தால் பூரித்திருப்பாள். அவர் நாற்காலியைக் கடக்கும்போது குனிந்து சொன்னேன்.

"அண்ணா, பூட்ஸ் வாசல்ல இருக்கு."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஐயையோ ராஜி! இப்போ என்ன பண்றது?"

"எழுந்திருக்காதேங்கோ. சாப்பிட்டுண்டே இருங்கோ."

அடுத்த மேஜையில் உட்கார்ந்து திரும்பினால், வாசலில் பூட்ஸைக் காணோம்! கப்பலில் கதவுக்கு வெளியே பூட்ஸ் இருந்தால் பாலிஷ் போட எடுத்துப் போவது வழக்கம். வேலையாள் தன் கடமையைச் செய்துவிட்டான்.

மேஜைக்கு அடியில் நடந்ததை அண்ணா பிறகு சொன்னார். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தபோது ஏதோ வழுக்கி வந்து அவர் காலில் இடித்தது. பூட்ஸ்! பகவானே அனுப்பிவிட்டார் என்று கால் விரலை நுழைத்துப் பார்த்தார். பாதிதான் போயிற்று. குதிகால் வேறு உயரமாக இருந்தது. எதிரே துரைசானியின் முகம் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. மேஜைக்கு அடியில் காலால் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். கடித்த பூட்ஸை அவளும் ரகசியமாகக் கழற்றியிருந்தாள்!

துரை நாப்கினை மடித்து, எழுந்திருக்க ஆயத்தமானார். மனைவி எழுந்தால் ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும். அண்ணா காத்திருந்தார். கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில், பெருவிரலால் ஒரு தள்ளு. பூட்ஸ் சொந்தக்காரியிடம் போய்ச் சேர்ந்தது.

துரைசானி அவரைப் பார்த்தாள். பூட்ஸ் போட்ட காலுக்கு இவ்வளவு நேர்த்தி வராது என்று தோன்றியதோ என்னவோ, கைக்குட்டையைக் கீழே போட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கணவரைச் சுருட்டுப் பிடிக்க முன்னால் அனுப்பினாள். அறை காலியானதும் வேலையாளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அண்ணாவின் பூட்ஸ் முகம் தெரியும் பளபளப்போடு, தட்டில் ஏறி வந்தது.

காலையில் துரை கூப்பிட்டனுப்பினார். எல்லாம் தெரிந்துவிட்டது, வேலை போயிற்று என்று அண்ணா திருநீறு பூசிக்கொண்டு போனார்.

"என் மனைவியின் பூட்ஸ் உம்மிடம் வந்ததை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?"

"என் பூட்ஸ் எங்கே என்று கேட்பார்களே, சார்."

துரை வெகு நேரம் சிரித்தாராம். பிறகு, "உம் மனைவிக்கு எப்போது கப்பல் சீட்டு வாங்க வேண்டும்?" என்றாராம்.

ருக்குவுக்குக் கப்பலில் இடம் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் சுற்றிவிட்டுப் போன மாதம் நான் திரும்பியபோது ருக்கு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"பொம்மனாட்டிகளுக்கு என்ன சட்டம் ராஜி?"

"பட்டுப் புடவை போதும். ஆனா செருப்பை மறந்துடாதே."

"போடி! ஆறு கஜம் தரையைப் பெருக்கிண்டு வரும். உள்ளே செருப்பு இருக்கா இல்லையான்னு எந்தத் துரை குனிஞ்சு பார்க்கப் போறான்?"