சாக்பீஸ் அழிந்த இடம்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துச் சர்ச்சுக்கு ஞாயிறு பூசைக்குப் போகும்போது, என் பழைய பைக்கில் முன் பிரேக் சரியாகப் பிடிக்காமல் கன்டெய்னர் லாரியின் பின்னால் முட்டப் பார்த்தோம். என் மனைவி இறங்கிவிட்டாள்.

“இனிமே நான் பஸ்ல வரேன். நீ தனியா போய்யா.”

“புது பிரேக் ஷூ போட்டுக்கீறேன். ஆண்டவர் பாத்துப்பாரு.”

“அவரு பாக்கறது இருக்கட்டும். அது டிரம்ல ஒட்டுதான்னு நீ பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. வீட்டில் சக்கரத்தைக் கழற்றியபோது, தையல் வேலை செய்யும் அவள் துணியில் குறி போடும் சாக்பீஸை நீட்டினாள். “இத்த ஷூ மேல பூசிப் பாரு.”

பூசி, மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றினேன். கழற்றினால், ஓரத்தில் மட்டுமே சாக்பீஸ் அழிந்திருந்தது. மீதி ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்சுவரைத் தொடவே இல்லை. வெட்கமாகிவிட்டது. அழிந்த இடம்தான் மேடு; அதை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன். மறுபடி பூசினேன், மாட்டினேன். ஏழாவது தடவை சாக்பீஸ் முழுக்க அழிந்தது.

அடுத்த ஞாயிறு, தயங்கித்தான் ஏறினாள். வழியில் ஒரு லாரி திடீரென்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அங்கேயே நின்றது. அவள் முகம் என் முதுகில் இடித்தது.

“மெதுவா புடிய்யா, மூக்கு ஒடஞ்சிடும்.”

அவ்வளவு இனிப்பான திட்டை நான் வாங்கியதே இல்லை.

பூசையில் நன்றி மட்டும் சொன்னேன். வெளியே வந்ததும், “மீஞ்சூர்ல அக்கா வூட்டுக்குப் போலாமா?” என்றாள். அவ்வளவு தூரம் என்னை நம்பி அவள் ஏறியதையே அன்றைய ஆசீர்வாதமாக இன்றும் நினைக்கிறேன்.