குவாண்டம் மெஷினும் சின்னதுரையின் வளைகாப்பும்

ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் தந்த அந்தப் பித்தளைக் கம்பி உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருக்க, மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மேசையும், மேசைமேல் ஒரு லேப்டாப்பும், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியும் இருந்தன. பெட்டியிலிருந்து வந்த ஒயரின் முனையில்தான் அந்தக் கம்பி. கிரஷரில் வேலை பார்க்கிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களுமாக, மணமக்களுக்குக் கைகொடுக்கப் போகிறவர்கள் போலப் படியேறி, ஒவ்வொருவராக அதைப் பிடித்தோம்.

அந்தக் கிரஷரில் பாறையை உடைத்து ஜல்லியும் மணலும் ஆக்குவார்கள். அங்கே எழும் தூசிக்கு எங்கள் பக்கத்தில் "பவுடர்" என்று பெயர். சாயங்காலம் வேலை விட்டு வரும் ஆண்கள் புருவம்வரை வெளுத்து, நாடகத்துக்கு வேஷம் கட்டியவர்கள் போல வருவார்கள். அப்பா அங்கே பதினைந்து வருடம் நின்றவர். அவருடைய இருமல் தெருமுனையில் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். அந்த இருமலுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் அர்த்தம் இருந்தது. அந்த வருடம் இரண்டு பேர், இருவருக்கும் நாற்பது வயதுகூட ஆகவில்லை, மூச்சுவிட முடியாமல் செத்துப்போனார்கள். எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கணும் என்று ஆட்கள் திரண்டு போய்க் கேட்டதும், முதலாளி இரண்டு நாள் யோசித்துவிட்டு, படம் எடுப்பதைவிடப் பெரிய ஏற்பாடே செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதுதான் "குவாண்டம் கேம்ப்".

குவாண்டம் என்ற சொல்லை எங்கள் தெருவில் கேள்விப்பட்டிருந்த ஒரே ஆள் நான். பிளஸ் டூவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு அத்தியாயம், அதில் எனக்கு விளங்கியது அரைப் பக்கம். ஆனால் கேம்ப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கூட்டாளிகள் எங்கள் வாசலில் உட்கார்ந்து, அது என்ன சமாச்சாரம் என்று கேட்டபோது, அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். எலெக்ட்ரான் பார்க்கும்போது துகளாக இருக்கும், பார்க்காதபோது அலையாக இருக்கும் என்றேன். சூப்பர்வைசர் பார்க்கும்போது மட்டும் கல் தூக்குகிற ஒருவரின் பெயரைச் சொல்லி, அவன்தான் எலெக்ட்ரான் என்றார்கள். ஒரே எலெக்ட்ரான் ஒரே நேரத்தில் இரண்டு வாசல் வழியாகப் போகும் என்றேன். அப்பா, "அப்ப ரெண்டு வூடு வச்சிருக்கறவன்னு சொல்லு" என்றார். பெட்டிக்குள் அடைத்த பூனை, திறந்து பார்க்கும்வரை செத்தும் இருக்கும், உயிரோடும் இருக்கும் என்றேன். அதற்கு மட்டும் யாரும் உடனே சிரிக்கவில்லை. ஒருவர், "நம்மளத்தான் சொல்லுது புள்ள" என்றார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சிரித்ததில் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கானால் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

கேம்ப்பை நடத்த வந்தவன் டை கட்டியிருந்தான். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், அணுவுக்குள் ஓடும் அலையைப் படித்து மெஷின் ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று அவன் மைக்கில் சொன்னபோது எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான் தலையாட்டினேன். ஆளுக்கு முப்பது பக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தான். அதை எல்லாரும் என்னிடமே கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னேன். கால்சியம் குறைவு, தூக்கம் குறைவு, குடலில் கொஞ்சம் கோளாறு. நுரையீரல் எல்லாருக்கும் நார்மல். அப்பாவுக்கும் நார்மல்.

பிறகு சின்னதுரை வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர், மெலிந்த ஆள், அதிர்ந்து பேசமாட்டார், முறைக்கு எனக்குச் சித்தப்பா. அவருடைய தாள்களைப் புரட்டிக்கொண்டே போன நான் ஒரு பக்கத்தில் நின்றேன். கர்ப்பப்பையில் லேசான வீக்கம் என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் மாதவிடாய்க் கோளாறு. முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். பெயர் சின்னதுரை, வயது முப்பத்தெட்டு, பாலினம் பெண். பெண்கள் வரிசை முடிந்து ஆண்கள் வரிசை தொடங்கியபோது முதலில் நின்றவர் அவர். டை கட்டியவன் அந்த ஒரு கட்டத்தை மாற்ற மறந்திருக்கிறான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் யாருடைய அலையையும் படிக்கவில்லை, அவன் என்ன தட்டினானோ அதை வைத்துக் கதை எழுதியிருக்கிறது, ஆணுக்கு ஒரு கதை, பெண்ணுக்கு ஒரு கதை. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் வரப்போகிற சிரிப்பு போய்விடும், அதோடு என் குவாண்டமும் போய்விடும். "சித்தப்பாவுக்குக் கர்ப்பப்பை இருக்காம்" என்று மட்டும் சத்தமாகப் படித்தேன். மண்டபமே சிரித்தது.

மறுநாள் முதல் அவர் பெயர் "புள்ளத்தாச்சி". எத்தனை மாசம் என்று கேட்டார்கள், கல் தூக்கப் போனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று கையைப் பிடித்துத் தடுத்தார்கள், சாப்பாட்டு நேரத்தில் மாங்காய் நறுக்கி முன்னால் வைத்தார்கள். அவர் மனைவியிடம், உன்னால் முடியாததை அவனே பெற்றுக் கொடுத்துவிடுவான் என்றார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை என்பது தெரிந்தேதான் சொன்னார்கள். கேம்ப் நடந்த நாளிலிருந்து எண்ணி, ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை, கிரஷரிலேயே வளைகாப்பு வைத்தார்கள். முன்னின்று நடத்தியது என் அப்பா. வளையல் என்னுடையது. அப்பா கேட்டதும் என் சின்ன வயதுக் கண்ணாடி வளையல்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து அழுத்திக்கொள்ள, மற்றவர்கள் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வளையல் சின்னது, கைக்கு ஏறவில்லை. ஏற்றியே தீருவேன் என்று அப்பா நெருக்கியதில் அது உடைந்து அவர் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. பவுடர் படிந்த கையில் ரத்தம் கோடாக இறங்கியது.

சின்னதுரை கையை உதறவில்லை, கோபப்படவும் இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். "எங்கிட்ட இல்லாதத இருக்குன்னு எழுதின மெஷின்தான்யா ஒங்க நெஞ்சுல ஒண்ணுமில்லன்னும் எழுதியிருக்கு. ரெண்டும் ஒரே மெஷின்தான, யோசிச்சுப் பாருங்க. நான் திங்கக்கிழமை திருச்சிக்குப் போயி படம் எடுக்கப்போறேன். வர்றவங்க வாங்க."

ஏழு மாதமாக நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, என் அரைப் பக்கத்தைக்கூடப் படிக்காத மனிதர் சொல்லிவிட்டார். பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "மசக்கைடா. அப்பிடித்தான் என்னென்னமோ பேசும்" என்றார். அதற்கு அதிகமாகச் சிரித்தது நான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும், நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த இடத்துக்கு அப்பா வந்து நின்றார். அவர் அப்படி வந்து நிற்கிற ஆள் இல்லை. துண்டால் வாயைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பிறகு, "ஏம்மா, நெசமாவே அந்த மெஷினுக்கு உள்ள இருக்கறது தெரியுமா?" என்று கேட்டார். பரீட்சை நெருங்கிவிட்ட எரிச்சல் ஒரு பக்கம், இத்தனை நாள் பீற்றிக்கொண்டதையெல்லாம் இப்போது இல்லை என்று சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் ஒரு பக்கம். "குவாண்டம்ப்பா. அதெல்லாம் சரியாத்தான் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அப்பா தலையாட்டிவிட்டுப் போனார்.

சின்னதுரை திங்கட்கிழமை தனியாகப் போய்ப் படம் எடுத்தார். இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக இருந்ததாம். இனிமேல் கிரஷர் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த வாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு, அவள் ஊரான திருமழபாடிக்குப் போய்விட்டார். வளைகாப்பு முடிந்ததும் புள்ளத்தாச்சி தாய்வீட்டுக்குப் போயிருச்சு என்று அதற்கும் ஒரு வாரம் சிரித்தோம். அப்பா இன்னும் மூன்று வருடம் அதே இடத்தில் நின்றார். கடைசி எட்டு மாதம் அவரால் படுக்க முடியவில்லை. இரண்டு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடிதான் தூங்குவார். ஒரு வாய் சோறு தின்றால் அடுத்த வாய்க்கு முன்னால் நெடுநேரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்த டாக்டர், மூன்று வருடம் முன்னால் வந்து அந்த வேலையை விட்டிருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது என்றார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. தான் கேட்டதையும் நான் சொன்னதையும் அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் இத்தனை வருடம் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

இப்போது அந்தக் கிரஷர் இல்லை. பாறை எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, இரும்பையெல்லாம் கழற்றி விற்றுவிட்டார்கள். மண்டபத்தை இடித்துவிட்டு பெட்ரோல் பங்க் வந்துவிட்டது. நான் அரியலூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன். என்னிடம் யாரும் எலெக்ட்ரானைப் பற்றிக் கேட்பதில்லை. போன மாதம் திருமழபாடி கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது, சாக்கை விரித்துக் கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சின்னதுரைதான். பேசும்போது மூச்சு இழுக்கிறது, ஆனாலும் கொள்ளிடக் கரையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, விளைந்ததைத் தானே கொண்டுவந்து விற்கிறார். பழைய ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். ஒவ்வொரு பெயருக்கும், போயிட்டாங்க சித்தப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவரைப் "புள்ளத்தாச்சி" என்று கூப்பிட்டவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

கடைசியாக அப்பாவின் பேச்சை எடுத்தார்.

"அந்த வளைகாப்பு அன்னிக்குச் சாயங்காலமே ஒங்கப்பா எங்கூட்டுக்கு வந்தாரு பாப்பா. கையிக்கு மருந்து வாங்கியாந்து அவரே போட்டு வுட்டாரு. நானும் ஒங்கூட திருச்சிக்கு வரேன்டான்னாரு. திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல ரெண்டு வண்டிய வுட்டுட்டு நின்னேன், வரல. போன் போட்டா, எம்பொண்ண கேட்டேன்டா, அது சரின்னுடுச்சு, நீ போயிட்டு வான்னாரு."

நான் சாக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்திரிக்காயைப் பொறுக்குகிறவள் போலக் குனிந்துகொண்டு அழுதேன். அவர் எட்டி என் தலையைத் தொட்டார். "வுடும்மா. நீ அப்ப சின்னப் புள்ள, ஒனக்கு என்னா தெரியும்" என்றார்.

தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.