பெட்டி மேலே போன நிமிடம்

என் வகுப்பில் பிரம்பு கிடையாது. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தால் போதும், நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கப்சிப் ஆகிவிடுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த விரல்தான் எனக்குச் சோறு போடுகிறது என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். அதே விரலால்தான் ஒரு தப்பும் செய்தேன். அதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனது அரித்துக்கொண்டே இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் தோழி, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா. பேகம்பூர் பக்கம் வீடு, கணவருக்குத் தோல் வியாபாரம். ஒரு பெற்றோர் கூட்டத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். "உங்க பொண்ணு அல்ஜீப்ராவுல ரொம்ப வீக்குங்க" என்று நான் ஆரம்பிக்கும்போதே என் போன் அடித்துவிட்டது. அவள் சட்டென்று தலையைத் திருப்பி வலது காதை போன் பக்கம் கொண்டுவந்தாள். முகமே மாறிப்போனது.

"டீச்சர், இது அந்தப் பெட்டிக்காரரு பாட்டுத்தானே?"

அவள் சொன்னது ஒரு வெளிநாட்டு ராக் பாடகரை. எழுபதை நெருங்கும் மனிதர். முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. அவருடைய கச்சேரியைக் கச்சேரி என்று சொல்வதைவிடக் கூத்து என்றே சொல்லலாம். மேடை ஒரு நீதிமன்றம். அவர் குற்றவாளி, கிடார் வாசிப்பவர் நீதிபதி. ஒவ்வொரு பாட்டும் அவருக்கு எதிராக ஒரு சாட்சி. கடைசியில் தண்டனை. அவரை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, ஆள் தலை அளவுக்குப் பெரிய பூட்டை மாட்டி, சங்கிலியால் மேலே தூக்குவார்கள். சற்று நேரத்தில் வேறு எங்கிருந்தோ நடந்து வருவார்.

"நம்மூருப் பூட்டா இருந்தா ஆளு வெளிய வந்திருப்பாரா?" என்றாள் அவள். பெண்ணின் அல்ஜீப்ரா அன்றைக்கு அத்தோடு சரி.

இந்த ஊரில் அவரைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எனக்குத் திருச்சியில் விடுதியில் உடனிருந்தவள் மூலம் பழக்கம். என் தோழிக்கு, குவைத்தில் வேலை பார்த்த அண்ணன் கொண்டுவந்த கேசட் மூலம். அதன் பிறகு சனிக்கிழமை மதியம் என்றால் அவள் வீட்டு மாடி அறைதான். இஞ்சி டீயும் சமோசாவும் வைத்துக்கொண்டு பழைய கச்சேரிக் காணொளிகளைப் பார்ப்போம். எந்தச் சாட்சி பெரிய சாட்சி என்று சண்டை போடுவோம். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் 'நீ' போட்டுப் பேசுவாள். அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் முடியும்.

அவளுக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து போனபோது அதையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது காதும் சில வருடங்களாகக் குறைந்துகொண்டே வந்தது. மிஷின் மாட்டியிருந்தாள். மதுரை டாக்டரிடம் ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். "எப்போ எவ்வளவு போகும்னு சொல்ல முடியாதும்மா. திடீர்னு கேக்காமப் போச்சுன்னா மட்டும் அன்னைக்கே ஓடி வந்துருங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவ அவர நேர்ல கேட்டுரணும் டீச்சர். எனக்கு வேற ஆசையே இல்ல."

அவர் பெங்களூருக்கு வருகிறார் என்ற செய்தி வந்த அன்றே இரண்டு டிக்கெட் எடுத்தேன். எடுத்த கையோடு அவளிடம்கூடச் சொல்லாமல் போய் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ராக் கச்சேரிக்கு நேர்ந்துகொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய ரசிகர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நான் இருந்தேன். அவள் இல்லை. அந்தக் குழுவில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. இந்தச் சுற்றுப்பயணத்தில் பெட்டி மேலே போனதும் நடப்பதைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களுக்குச் சொல்லக் கூடாது. யாரும் படம் எடுத்துப் போடவும் மாட்டார்கள். 'அந்த நிமிடம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒருவரை நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். விளக்கு எல்லாம் அணைந்துவிடும். சத்தம் எல்லாம் நின்றுவிடும். ஒரு நிமிடம் முழுக்க இருட்டும் அமைதியும்தான். கூட்டத்தில் ஒருவர்கூட மூச்சு விடக் கூடாது, அதை ரசிகர்களே காவல் காப்பார்கள்.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ரசிகை இன்னொரு ரசிகைக்குச் செய்யும் பெரிய மரியாதை அது என்று அன்றைக்கு நினைத்தேன். நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அவளுடைய கணவர்தான் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏற்றிவிட்டார். "பத்திரமாக் கூட்டிட்டு வாங்க டீச்சர்" என்றார். மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் தலை முதல் கால் வரை கறுப்பு. நான் மட்டும் சாமந்தி நிறத்தில் சுடிதார். அவள் தன் பர்தாவைத் தொட்டுக் காட்டி, "இம்புட்டுப் பேருல சரியா உடுத்திட்டு வந்தவ நாந்தான்" என்றாள். முகத்தில் வெள்ளை பூசிய ஒரு பெண் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் சொல்லியிருந்தபடி ஸ்பீக்கர்களை விட்டுத் தள்ளி, பின்னால் நின்றோம். முதல் பாட்டிலேயே மிஷின் கீச்சென்று கத்தியது. கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். "மிஷின் இல்லாமலே கேக்குது டீச்சர்! நெஞ்சுல கேக்குது!" என்று என் காதுக்குள் கத்தினாள். அந்த இரண்டு மணி நேரம் அவள் இருந்த இருப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

தீர்ப்பு வந்தது. பூட்டு விழுந்தது. சங்கிலி கடகடவென்று பெட்டியை மேலே இழுத்தது. பட்டென்று எல்லாம் நின்றது.

எங்கள் மாதா கோயிலில் பெரிய வியாழனுக்குப் பிறகு ஈஸ்டர் வரை மணி அடிக்க மாட்டார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அத்தனை சனம் நிறைந்த கோயிலில் ஒரு குழந்தைகூட அழாத ஒரு நேரம் வரும். சின்ன வயதில் அப்போது பேசினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அந்த மைதானத்தில் எனக்கு அதே நேரம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்ணில் நீர் முட்டியது.

என் முழங்கையை அவள் பிடித்தாள். நகம் பதிந்தது.

"டீச்சர், எனக்குக் கேக்கல."

காது மந்தமானவர்கள் பேசுவதுபோல உரக்கச் சொன்னாள். முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். "டீச்சர்! ஒண்ணுமே கேக்கல! காது போச்சு!"

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கோபமாகவும் இருந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்த நிமிடத்தை இவள் கெடுக்கிறாளே என்ற கோபம். இருட்டில் தடவி அவள் உதட்டைக் கண்டுபிடித்து, என் விரலை அதன் மேல் வைத்து அழுத்தினேன். வகுப்பில் செய்வதேதான். அவள் அடங்கிவிட்டாள். என் முழங்கையில் இருந்த கை மெல்ல விலகியது.

மிச்ச நேரம் முழுவதும் அவள் தனியாக நின்றாள். நான் பக்கத்தில் இருந்தும் தனியாகத்தான் நின்றாள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு முரசு ஒலித்தது. கையில் லாந்தரோடு கூட்டத்துக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். கச்சேரியைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நானும் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ரயிலில் கரூர் தாண்டியதும் அவளாகவே சொன்னாள். "காது செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன் டீச்சர். மானம் போச்சு. உன் நிமிஷத்தையும் கெடுத்துட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கிவிட்டேன். அவள் வீட்டில், அவள் மகளிடம், மாமியாரிடம், "டீச்சர், காது போச்சு!" என்று அவள் குரலிலேயே நடித்துக் காட்டுவேன். வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல மாடியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் ஸ்பீக்கருக்கு சார்ஜ் தீர்ந்து சத்தம் நின்றுவிட்டது. அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். டீயை உறிஞ்சினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், மறுபடியும் ஆட்டினாள்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: எத்தனை நாளாக?

"எட்டு நாளு" என்றாள்.

வீட்டில் மிஷின் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருந்தாள். உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறாள். டாக்டர் அன்றைக்கே வரச் சொன்னாரே என்று எழுதினேன், கையெழுத்து கோணல்மாணலாகப் போனது. அவள் அதைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கும் இப்படித்தான் பயந்தேன். பொறுத்திருந்தா சத்தம் வந்துருச்சுல்ல? மறுபடியும் கூப்பாடு போட்டு, எல்லாரும் சிரிச்சு... செத்த பொறுத்துப் பாப்போம்னு இருந்தேன் டீச்சர்."

அன்றே மதுரைக்குப் போனோம். காதுக்குள் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் நல்ல மனிதர். "முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா முயற்சி பண்ண வாய்ப்பு அதிகம். அப்பவும் உறுதி சொல்ல முடியாது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் பல இரவுகள் தூங்கினேன். முதல் வாக்கியம் அடிக்கடி எழுப்பிவிடும்.

ஒரு மாதம் கழித்து அவளிடம் உண்மையைச் சொன்னேன். வாயால் சொல்ல முடியாது, எழுதினேன். அந்த நிமிடம் வரப்போவது எனக்கு முன்னாடியே தெரியும். உனக்குச் சொல்லவில்லை. ரயிலில் பொய் சொன்னேன். மூன்றே வரி. எழுத்துப் பிழை பார்க்கிற மாதிரி அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நீ போ டீச்சர்" என்றாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் வந்து போயின. நான் வீட்டில் விடைத்தாள் திருத்தினேன். அவளுக்குச் செய்தி அனுப்பப் பலமுறை போனை எடுத்து, பலமுறை கீழே வைத்தேன். கோபம் தணியட்டும் என்று காத்திருக்கவில்லை. அவள் கோபம் நியாயமானது, அதனால் எதுவும் கேட்க எனக்கு வாயில்லை.

ஒரு நாள், அந்தச் சுற்றுப்பயணத்தின் முழுக் காணொளியும் வெளியாகிவிட்டதாகக் குழுவில் ஒரே ஆரவாரம். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. 'சனிக்கிழம வா. பெரிய ஸ்பீக்கரா ஒண்ணு கொண்டு வா.'

பள்ளி ஆண்டுவிழா ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் அதை மரக்கட்டில் மேல் வைக்கச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிலின் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்தாள். நான் அந்தக் காணொளியை ஓடவிட்டு ஒலியை முழுக்க ஏற்றினேன்.

சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் திரையைப் பார்ப்பாள், கண்ணை மூடுவாள், கைகளை நகர்த்துவாள். மூன்றாவது சாட்சிக்கு அவள் உதடு பாட்டோடு சேர்ந்து அசைந்தது, ஒரு வரிகூடத் தப்பவில்லை. தீர்ப்பு வந்தது. பூட்டு விழுந்தபோது பலகை அதிர்ந்தது எனக்கே தெரிந்தது. சங்கிலி மேலே இழுத்தது.

நின்றது.

திரை கறுப்பானது. அறையும் இருட்டு. ஜன்னல் இடுக்கிலிருந்து வந்த மெல்லிய வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது, அவளுக்கு என் முகமும் தெரிந்திருக்கும். பலகையில் இருந்து ஒரு கையை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப உனக்கும் கேக்கலதானே?"

ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். அப்போது பார்த்துக் கீழே தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஹாரன் கேக்குது" என்றேன், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து. "லாரி."

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு, "எங்க லாரிதான். தோலு வந்திருக்கும்" என்றாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இத்தனை நாள் கேட்காத மன்னிப்பைக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டித் தன் விரலை என் உதட்டின் மேல் வைத்து அழுத்தினாள். இன்னொரு கை பலகையில்தான் இருந்தது.

"உஷ்" என்றாள் உரக்க. "இன்னும் நிமிஷம் முடியல டீச்சர்."