சந்தனப் பொட்டு வைத்த சிப்

சீலிங் ஃபேன் சிப்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பெருங்குடி ஆபீசில் நான் சேர்ந்த நாளிலிருந்து அதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி விற்றுக்கொண்டிருந்தோம். ஒன்று சத்தத்தைக் குறைத்தது, அடுத்தது ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டது. அதற்குள் அதே சிப்பை மலிவாகச் செய்ய ஆட்கள் வந்துவிட்டார்கள். "இனிமே ஃபேன் வேணாம், ஸ்கூட்டர் பேட்டரிக்குப் போறோம்" என்றார் டைரக்டர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் சிப் சொதப்பினால் லேபையே மூடிவிடுவார்களாம், தலைமையகத்தின் உத்தரவு. அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பேட்டரியைக் காவல் காக்கிற சிப் அது. ஸ்கூட்டர் நிற்கும்போது அதுவும் தூங்க வேண்டும். தூக்கத்திலும் மின்சாரம் குடித்தால், ஊருக்குப் போய்த் திரும்புகிறவருக்கு வண்டி கிளம்பாது.

சிப் வந்த அன்று மயிலாப்பூரில் வழக்கத்தைவிட முன்னதாகவே பஸ் ஏறினேன். புதுசு எது வந்தாலும் எங்கள் லேபில் பூஜை உண்டு. நான் போவதற்குள் டைரக்டரே அதை முடித்து, சிப்பைப் பொருத்திய போர்டை மேஜைமேல் வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டோம். சிப் விழித்தது, சொன்னபடி கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு தூங்கச் சொன்னோம். மின்சாரத்தை அளக்கும் மீட்டர் இறங்கவே இல்லை.

"இன்னா மேடம், தூங்க மாட்டேன்னு அடம் புடிக்குது?" என்றான் பக்கத்தில் இருந்த இன்ஜினியர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் தலைமையகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். டிசைனில் எங்கே கோட்டை விட்டோம் என்று தேடித் தேடிக் கண் எரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கடைசியில் லென்சை வைத்துக்கொண்டு போர்டின் மேல் குனிந்தேன். சந்தன வாசனை. கோயில் தெருவில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? போர்டைத் திருப்பினேன். சிப்பின் கால்களைப் பற்றவைத்த இடத்தில், ஈரம் காயாத சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அந்த ஈரத்தின் வழியாகத்தான் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

"யார் சார் இதை வெச்சது?"

"நான்தாம்மா" என்றார் டைரக்டர். "மேலே வெச்சா அனுப்பற போட்டோல தெரியும், ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு அடியில வெச்சேன்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவைத்து, மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். மீட்டர் மளமளவென்று இறங்கியது.

"சாரிம்மா. அடுத்த சிப்புக்கு, அது வர்ற டப்பா மேல வெச்சிடறேன்" என்றார்.

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த சிப் என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அப்படியென்றால் லேபை மூடப்போவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.